வாசகர் கேள்வி – பதில்: சஞ்சிகை தொடங்கலாமா?

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து திருகோணமலையில் இருந்து ஒரு இலக்கியச் சஞ்சிகை கொண்டுவர நினைக்கிறோம். வீட்டில் "இந்தக் காலத்தில் ஆர் காசு குடுத்து வாங்கி வாசிக்கினம், பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, உப்புவெளி

அச்சடியுங்கள் தங்கச்சி. பிடிஎஃப் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் வரட்டும், ஆனால் அச்சுப் பிரதி முதலில் வரட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, அதற்குப் பிறகு போரும் இடப்பெயர்வும், இவ்வளவுக்கும் தப்பிய நம் பழைய சஞ்சிகைகளில் பல யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் கிடந்தவை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இன்று நாம் அவற்றை வாசிக்க முடிகிறது என்றால் ஸ்கேன் பண்ண ஒரு பிரதியாவது மிஞ்சியிருந்ததுதான் காரணம். நூறு வீட்டுக்குப் போன இதழை ஒரேயடியாக அழிக்க முடியாது.

சரி, காசுக்கு வருவோம். ஓப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு 200 பிரதிக்கும் ஒன்றுதான், 1000 பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் குறைவாக அடித்தால் ஒரு பிரதியின் விலை ஏறும். டிஜிட்டல் அச்சில் அந்தச் செலவு இல்லை. இரண்டுக்கும் விலை கேளுங்கள். நடுவில் பின் அடிக்கிற இதழ் என்றால் பக்கம் நான்கு நான்காகத்தான் கூடும், ஆகவே 32 என்று முடிவுசெய்துவிட்டு ஆக்கங்களைத் தெரிவுசெய்யுங்கள். கடதாசி வெளிநாட்டில் இருந்து வருவது, விலை நிலையாக நிற்காது. 2022 மார்ச்சில் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அப்புறம், யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறக்கூடும், ஆகவே புரூப்பை, அதாவது பிழை பார்க்கும் படியை, தாளில் எடுத்து, எழுதியவரையே ஒருமுறை பார்க்க வையுங்கள். கவிதையில் ஒரு எழுத்து பிழைத்தாலும் எழுதியவருக்கு எவ்வளவு வலிக்கும்!

இவ்வளவையும் விட விற்பனைதான் பெரிய வேலை. கடையில் போட்டால் கடைக்காரருக்குக் கழிவும் போகும், காசும் மெல்லத்தான் வரும். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகையைத் தானே கையில் கொண்டுபோய் விற்றார், 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் வந்தது. முதல் இதழ் அச்சுக்குப் போகும் முன்பே ஆண்டுச் சந்தா சேருங்கள். நான்கு பேரில் ஒருவர் எழுதாமல் சந்தாக் கணக்கை மட்டும் பார்க்கட்டும், அவர் பெயரையும் ஆசிரியர் குழுவில் போடுங்கள்.

கவிஞர் பிரமிள் திருகோணமலைக்காரர் என்பது உண்மையா?
– வாசகர், கிண்ணியா

உண்மைதான். 1939இல் இங்கே பிறந்தவர். சென்னையில் சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற சிறுசஞ்சிகையைத் தொடங்கினார். இருபது வயதையொட்டிய தருமு சிவராம் இங்கிருந்து தபாலில் அனுப்பிய கவிதைகளும் கட்டுரைகளும் அடுத்த ஆண்டில் இருந்து அதில் வந்தன. அவரைப் பின்னால் பிரமிள் என்று தமிழ்நாடே அறிந்தது. பெரிய பத்திரிகை ஒன்று அந்த வயதுப் பொடியனுக்கு, அதுவும் அந்தக் கவிதைகளுக்கு, இடம் கொடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சிறுசஞ்சிகையின் தேவையே அதுதான்.

சஞ்சிகைக்கு ஐஎஸ்பிஎன் எடுக்க வேண்டுமா?
– வாசகர், மூதூர்

அது புத்தகத்துக்கு. தொடர்ந்து வரும் சஞ்சிகைக்கு ஐஎஸ்எஸ்என். ஐஎஸ்பிஎன் வழங்குவது கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, ஐஎஸ்எஸ்என் வழங்குவது அங்குள்ள தேசிய விஞ்ஞான மன்றம். சஞ்சிகையின் பெயரை முடிவுசெய்த பிறகு விண்ணப்பியுங்கள், இடையில் பெயரை மாற்றினால் புது இலக்கம் எடுக்க வேண்டிவரும்.