காற்றுச்செடி கறுப்பது ஏன்? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் சுங்கை சிப்பூட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி, மண் இல்லாமல் தொங்கியபடியே வளரும் காற்றுச்செடிகளைப் பற்றியவை. நான்கு கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: போர்ட்டிக்கோவில் ஸ்பானிஷ் மோஸ் (இழை இழையாகத் தொங்கும் காற்றுச்செடி) கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் தெளிக்கிறேன். மேலே சாம்பல் நிறமாக நன்றாகத்தான் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுத்து உதிர்கிறது. தண்ணீர் போதவில்லையா?

பதில்: போதாமல் இல்லை, கூடிவிட்டது. அதிலும் மாலைத் தண்ணீர்தான் வினை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும். காற்றுச்செடி இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. அந்த நேரத்தில் இலை நனைந்திருந்தால் தண்ணீர்ப் படலம் துளைகளை அடைத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் மாலையில் நனைத்த கொத்து விடியும்வரை காயாது.

கறுத்ததை முதலில் களையுங்கள். கொத்தை ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். உயிருள்ள இழை பச்சையாக மாறும். செத்த இழை மாறாது. தோல் உரிந்து, உள்ளே குதிரைவால் முடி போன்ற கறுப்பு நார் மட்டும் நிற்கும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் திணித்தது இந்த நாரைத்தான். மிஞ்சிய நல்ல இழைகளைக் கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகாமல் பிரித்து, ஒரு சாண் இடைவெளியில் தொங்கவிடுங்கள். நடுவில் இறுக்கிக் கட்டாதீர்கள். கொக்கியில் சும்மா போட்டால் போதும். வெயில் நாளில் காலை ஒன்பது மணிக்குள் ஒருமுறை நன்றாக நனையுங்கள். நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். அக்டோபர், நவம்பரில் தினமும் மழை பிடிக்கும்போது தண்ணீரே வேண்டாம். புகைமூட்ட நாட்களில் மட்டும் தூசு போக அலசிவிடுங்கள். ஏனென்றால், இழைக்குச் சாம்பல் நிறம் தரும் நுண்செதில்கள் வழியாகத்தான் செடி தண்ணீர் குடிக்கிறது.

கேள்வி: அயோனந்தா என்ற சிறிய காற்றுச்செடிகளைச் செம்புக் கம்பியில் சுற்றி, சிங்க் (துத்தநாகம் பூசிய தகரம்) கூரை விளிம்பில் வரிசையாக மாட்டினேன். இரண்டே மாதத்தில் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. பூச்சியா?

பதில்: பூச்சி என்று சொல்ல முடியாது. செம்பும் துத்தநாகமும் இந்தச் செடிகளுக்கு நஞ்சு. நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்: கம்பியிலிருந்து செம்பு, கூரையிலிருந்து சொட்டும் மழைநீரில் துத்தநாகம். ஹாட்வேர் கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய கம்பியும் ஆகாது. தூண்டில் நரம்பு, அலுமினியக் கம்பி, துருப்பிடிக்காத எஃகு, இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். பூச்சி, பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பச்சை மருந்தேற்றிய பலகையிலும் செம்பு இருக்கலாம். மிளகாய்ச்செடிக்குச் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள், அன்று காற்றுச்செடிகளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும்.

குருத்து கழன்றுவர இன்னொரு காரணமும் உண்டு. நனைத்தபின் தலைகீழாகப் பிடித்து உதறாவிட்டால் இலை அடியில் தண்ணீர் தேங்கி அழுகும். கழன்ற இடம் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் அழுகல்தான். அந்தச் செடி பிழைக்காது. அயோனந்தாவுக்கு வாரம் ஒருமுறை இருபது நிமிட ஊறல், உதறல், பிறகு மின்விசிறிக் காற்று. இலையடி வெங்காயம் போல உப்பிய பல்போசா என்ற காற்றுச்செடி வகையை ஊறவைக்கவே வேண்டாம், தெளித்தால் போதும். கட்டும்போது அடிப்பாகத்தைப் பாசியால் மூடாதீர்கள். விற்பவர்கள் அழகுக்குச் செய்யும் வேலை அது, வாங்கி வந்ததும் எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: மாமரத்தில் தொங்கவிட்டால் மரத்தின் சத்தை உறிஞ்சிவிடும் என்கிறார் பாட்டி.

பதில்: பாட்டி நினைப்பது புல்லுருவியை. காற்றுச்செடி மரத்தைப் பிடித்துக்கொள்ளும், குடிக்காது. செம்பனை மட்டையடியில் பெரணி வளர்கிறதே, அதுபோல. கொத்து பெருத்து மாவிலைகளுக்கு வெளிச்சத்தை மறைக்காமல் கழித்துவிட்டால் போதும். கூடு கட்ட இழையை உருவிக்கொண்டு போகும் குருவிகளைத் தடுக்க வழியில்லை.

கேள்வி: மூன்று வருடமாகப் பூக்கவில்லை. உரம் போடலாமா?

பதில்: முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். காலை பத்து மணிவரை வெயில் விழும் கிழக்குப் பக்கம் நல்லது. உச்சி வெயில் இலையைக் கருக்கும். ஆர்க்கிட் உரத்தில், உறையில் சொன்னதில் கால் பங்கு, மாதம் ஒருமுறை ஊறல் தண்ணீரில் கலக்கலாம்.

அவசரமென்றால் ஒரு வழி: ஈரம் காய்ந்த செடியைப் பழுத்த ஆப்பிளோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, நிழலில் மூன்று நாள் வைக்கலாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். இது அன்னாசிக் குடும்பத்துச் செடி. அன்னாசித் தோட்டங்களில் ஒரே சமயத்தில் பூக்கவைக்க, எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் மருந்தைத் தெளிப்பதும் இதே கணக்குதான். வளர்ந்த செடிக்கு மட்டுமே பலிக்கும், பூ வரச் சில வாரங்களாவது ஆகும். ஆனால் ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும். பிறகு வாழை போலப் பக்கக்கன்று விட்டுத் தாய் மெல்லச் சாகும். கன்று தாயில் பாதியளவு வளர்ந்ததும் அடியைப் பிடித்து மெல்லத் திருகினால் தனியே வந்துவிடும். அதற்குமுன் பிரிக்காதீர்கள்.