வகுப்பில் பேசிய சமூகப் பிரச்சினைகளில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். சாதி, நீட், ஆன்லைன் ரம்மி என்று வகுப்பில் பேசாத விஷயம் இல்லை. ஆனால் பேசி முடித்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பது, வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்குக் கணக்கு உண்டா இல்லையா என்கிற சண்டைதான்.

தேசிய வருமானப் பாடத்தில் ஆரம்பித்தது அது. பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளரின் உதாரணம் ஒன்று உண்டு. ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்குச் சமைக்கும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். சமையல் அதேதான், சம்பளம் நின்றுபோனதால் கணக்கில் வராது. "அப்போ கல்யாணமே பண்ணக்கூடாது மேம், நாட்டுக்கு நஷ்டம்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

மேமும் சிரித்துவிட்டுப் பலகையில் சில எண்களை எழுதினார். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் திரும்ப எடுத்தபோது 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, அந்த 97 என்பது வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. 2019இல் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். மிச்சப் பேரையும் சேர்த்து வகுத்தால் தலைக்கு 25 நிமிடம் வருகிறது.

அந்த ஆய்வில் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணிவரை, அரை மணிக்கு ஒரு கட்டமாக, என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். அதே மாதிரி ஒரு தாளை வீட்டில் யாராவது ஒருவருக்கு நிரப்பி வரச் சொன்னார் மேம். நான் அம்மாவுக்கு எழுதினேன். "இதெல்லாமா காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

காலைக் கட்டங்கள் சுலபமாக நிரம்பின. வாசல் தெளிப்பது, டீ, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சாப்பாடு கட்டுவது, பாத்திரம், துணி. ராத்திரி எட்டு மணிக் கட்டத்தில்தான் சிக்கல். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், சீரியல் ஓடுகிறது. மடியில் முறம், கை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருக்கிறது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், அந்தப் பக்கம் சித்தி. நடுவில், "மூணு விசில் ஆயிருச்சு, அடுப்பை அணை" என்று எனக்கு உத்தரவு. இது பொழுதுபோக்கா, சமையலா? ஒரே கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளை எழுத ஆய்விலேயே இடம் உண்டு, ஆனால் பத்து நிமிடமாவது செய்திருக்க வேண்டும். விசில் எண்ணுவதற்குப் பத்து நிமிடம் எங்கே ஆகிறது?

அதைவிடச் சிக்கல் தண்ணீர் வரும் ராத்திரி. எங்கள் தெருவுக்கு எப்போதும் நடுச்சாமத்துக்கு மேல்தான் திறப்பார்கள். ஒரு மணியும் ஆகும், மூன்றும் ஆகும். முதலில் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும். அந்தச் சத்தத்துக்கு அம்மா எழுந்துவிடுவார், நாங்கள் யாரும் எழுந்ததே இல்லை. அதுவரை அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று எழுதுவதா, தண்ணீருக்குக் காத்திருந்தார் என்று எழுதுவதா? அரசாங்கத் தாளில் அது தூக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த வகுப்பில் பேச்சு பணத்துக்குத் திரும்பியது. வீட்டு வேலைக்கு விலை போடுவது நீதிமன்றங்களுக்குப் புதிதில்லை. 1989இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், இறந்துபோன இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3000 ரூபாய் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் மதிப்பிட்டது. செத்த பிறகு போட்ட விலை என்பதுதான் உறுத்தல். அந்த வகையில் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது வேறு ரகம். கணவர் சவுதியில் சம்பாதிக்கிறார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் இவரால் சம்பாதிக்க முடிந்தது, எனவே வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பு. வெளிநாட்டில் அப்பா இருக்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் பற்றியும் பேசினோம். ஒரு கோடிக்கும் மேலான பெண்களுக்குப் போகிறது, எங்கள் அம்மாவுக்கும் வருகிறது, குழுத் தவணைக்குச் சரியாகப் போய்விடும். அது கூலியா, உதவியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினோம். கூலி என்று சொன்ன கட்சியில் பையன்கள்தான் அதிகம். உடனே மேம், "சரி, இன்னிக்குக் காலையில சாப்பிட்ட தட்டை யார் யார் கழுவிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அந்தப் பக்கம் இரண்டு கை. அதில் ஒன்று ஹாஸ்டல்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பணம் என்றால் எல்லோரும் தாராளமாக இருக்கலாம், யாரோ கொடுக்கப் போகிறார்கள். நேரம் அப்படியில்லை, அம்மாவுக்கு ஒரு மணி நேரம் குறைய வேண்டுமென்றால் அதே வீட்டில் இன்னொருவருக்குக் கூட வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையே வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். மாதம் 1000 ரூபாய் வேண்டும்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் அம்மாவின் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாகவில்லை.

காலியாக்கியவை வேறு. 2011இல் கொடுத்த இலவச மிக்ஸியும் கிரைண்டரும் எத்தனை வீட்டில் ஆட்டுக்கல்லை மூலையில் தள்ளின என்று பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் பசிக்கு என்று மட்டும்தான் பேசுகிறோம். எதிர்வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகளும் பள்ளியிலேயே சாப்பிடுவதால் இப்போது ஏழு மணிக்குத் தலை பின்னிக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்கிறார். (உரிமைத் தொகையையும் சேர்த்து மூன்றுமே செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கியவை. யார் ஆட்சியாக இருந்தாலும் தேதி மட்டும் மாறவில்லை.)

வீட்டு ஆண்கள் பங்குக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அண்ணனோடு அந்தச் சண்டை தனியாக நடந்துகொண்டிருக்கிறது. தட்டுவரை வந்திருக்கிறோம், குக்கர் இன்னும் பாக்கி. ஆனால் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்திருப்பது தண்ணீர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், பெரிய வீடுகள் இருக்கிற தெருவுக்கு மட்டும் ஏன் காலை ஆறு மணிக்கு வருகிறது, இதை முடிவு செய்வது வால்வு திறப்பவரா மேலே இருப்பவரா என்று கேட்டு எழுதப் போகிறேன். தலைப்பைப் பார்த்துவிட்டு மேம், "இது பொருளாதாரமாம்மா, பொதுப்பணித் துறையா?" என்றார். அம்மாவின் தாளை எடுத்து நீட்டினேன், கையெழுத்துப் போட்டுவிட்டார்.