பூசி மறைத்தால் போகாது இந்த உப்பு: வடசென்னை வாசகர்களின் வீட்டுக் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் வரை கடலோரத்து வீடுகளைப் பற்றியவை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தப் பகுதிக்கே கொடுத்துவிட்டேன்.

சார், எங்கள் வீடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டி இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஹாலின் மேல்தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிந்தது. மேஸ்திரி கம்பியைத் தேய்த்துவிட்டு சிமெண்ட் வைத்துப் பூசிக் கொடுத்தார். பூசின இடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு வருஷத்தில் அதற்குப் பக்கத்தில் விழுந்தது. அதையும் பூசினோம், இப்போது அதற்கும் பக்கத்தில் விழுகிறது. மேஸ்திரி சரியில்லையா, சிமெண்ட் சரியில்லையா?
— வாசகி, காசிமேடு

அம்மா, மேஸ்திரி மேலும் சிமெண்ட் மேலும் பழி போடுவதற்கு முன், அடுத்த முறை விழும் துண்டைக் குப்பையில் போடாமல் திருப்பிப் பாருங்கள். கம்பி படிந்திருந்த பள்ளம் தெரியும், கம்பியின் முறுக்கு வரிகூட அச்சாகப் பதிந்திருக்கும், அந்தப் பள்ளம் முழுக்கக் கறுப்பும் செம்மண் நிறமுமாகத் துரு அப்பியிருக்கும். காரை தானாக விழவில்லை, உள்ளே இருக்கும் கம்பி அதைத் தள்ளிவிட்டது. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் எவ்வளவு நசுக்கினாலும் தாங்கும், ஆனால் இழுத்துப் பிளக்கும் விசையைத் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக விரிசல் விழும், பிறகு தட்டினால் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம் கேட்கும், கடைசியில் கீழே வரும்.

சாதாரணமாகக் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது, பி.எச். அளவு 12.5-க்கு மேல் இருக்கும், அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி அதுவே கம்பியைக் காக்கிறது. அதைக் கெடுப்பவை இரண்டு. காற்றில் உள்ள கரியமில வாயு மெதுவாக உள்ளே இறங்கிக் காரத்தன்மையைக் குறைப்பது ஒன்று. இன்னொன்று உப்பு, அதாவது குளோரைடு. காரத்தன்மை அப்படியே இருந்தாலும் இது படலத்தை அங்கங்கே குத்தி ஓட்டை போட்டுவிடும். உங்கள் வீடு இருக்கும் இடத்தில் இரண்டாவதுதான் முக்கிய எதிரி என்று நினைக்கிறேன்.

சரி, பூசின இடத்துக்குப் பக்கத்தில் ஏன் விழுகிறது? இதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். துருப்பிடிப்பது ஒரு சின்ன பேட்டரி ஓடுவது மாதிரி. ஒரே கம்பியில் ஓரிடம் கரையும், அது கரைவதாலேயே பக்கத்து இடம் தப்பிக்கும். கரைந்துகொண்டிருந்த இடத்தைச் சுத்தம் செய்து உப்பில்லாத புதுக் கலவை வைத்துப் பூசிவிட்டால் அங்கே துரு நின்றுவிடுகிறது, ஆனால் இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்த பக்கத்து இடம் இன்னும் பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள்தானே இருக்கிறது, இப்போது அது கரையத் தொடங்குகிறது. ஆராய்ச்சியாளர்கள் இதை ‘ரிங் ஆனோடு’ என்பார்கள். பூச்சைச் சுற்றி வளையமாகப் பழுது வருவதால் அந்தப் பெயர். உங்கள் மேஸ்திரி பூச்சு நன்றாகப் பூசியிருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. உப்புதான் இன்னும் உள்ளே இருக்கிறது.

என்ன செய்யலாம்? ஹாலின் மேல்தளத்து அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். விழுந்த இடம் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உடைப்பதற்கு முன் கீழே ஜாக்கி முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும், இதில் யார் சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள். கம்பிக்குப் பின்னால் விரல் போய்வரும் அளவுக்கு, அதாவது 20 முதல் 25 மி.மீ. வரை, கான்கிரீட்டை எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டால் பின்பக்கத்துத் துரு அப்படியே இருக்கும். அப்புறம் கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அதன் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது, பலமும் அந்த அளவுக்குப் போய்விட்டது. அந்த மாதிரி இடங்களில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். எத்தனை, எங்கே என்று முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மேஸ்திரி இல்லை. புதுக் கலவைக்கும் பழைய கான்கிரீட்டுக்கும் நடுவே, ஓரத்தில், கம்பியோடு துத்தநாகத் துண்டுகளைக் கட்டி வைக்கும் முறை இருக்கிறது. கம்பிக்குப் பதிலாக அந்தத் துத்தநாகம் கரையும். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூசும் கணக்கை வைத்துப் பார்த்தால் விசாரிக்க வேண்டிய விஷயம்தான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பரிசோதனை. தளத்தில் சின்னத் துளை போட்டு, ஒவ்வொரு ஆழத்திலும் வரும் தூளைத் தனித்தனியாக எடுத்துக் குளோரைடு அளக்கச் சொல்லுங்கள். வெளியே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் உப்பு கடற்காற்றிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவாக இருந்தால் வீடு கட்டும்போதே தண்ணீரிலோ மணலிலோ கலந்து வந்தது. முதல் வகை என்றால் காப்பாற்ற வழி நிறைய உண்டு. இரண்டாவது வகை என்றால் வீடு முழுக்க அதே கலவைதான், அப்போது ஹாலோடு நிற்காமல் பீம், தூண் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

எர்ணாவூரில் வீடு கட்டப் போகிறோம். போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறது. “கலவைக்கு மட்டும் லாரி தண்ணீர் வாங்கலாம், கியூரிங்குக்கு (போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதற்கு) போர் தண்ணீரே போதும்” என்கிறார் கான்டிராக்டர். சாம்பல் கலந்த சிமெண்ட் வேண்டாம், எதுவும் கலக்காத சாதாரண சிமெண்டான ஓ.பி.சி.தான் ஸ்ட்ராங் என்றும் சொல்கிறார். சரியா?
— வாசகர், எர்ணாவூர்

இரண்டும் சரியில்லை.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. நம் நாக்குக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராமிலேயே உப்பு தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் ‘லேசாகக் கரிக்கிறது’ என்றால் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று நாக்கை நம்பிச் சொல்ல முடியாது, ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிடுங்கள். கியூரிங்குக்கும் இதே தரம்தான். ஊற்றுகிற தண்ணீர் வெயிலில் காய்ந்து ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும், மறுபடி ஊற்றினால் அது கரைந்து உள்ளே இறங்கும். இளம் கான்கிரீட் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் பருவத்தில் இருக்கும்போது தினமும் அதற்கு உப்புத் தண்ணீர் காட்டுவது நல்லதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது 1960-களின் பிற்பகுதியிலேயே பதிவாகிவிட்டது, அதனால் கடற்கரை கண்ணுக்குத் தெரியாத மனைகளில்கூடப் போர் தண்ணீரை அளக்காமல் நம்ப வேண்டாம்.

சிமெண்ட் விஷயத்தில் உங்கள் ஊருக்கு ஏற்றது சாம்பல் கலந்த பி.பி.சி., அல்லது இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட். பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருக்கும். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்போடு அந்தச் சாம்பல் மெதுவாக வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கிறது, உப்பு உள்ளே நடந்து போக வழி குறைகிறது. ‘மெதுவாக’ என்பதுதான் கான்டிராக்டருக்குப் பிடிக்காத விஷயம். முதல் வாரத்தில் ஓ.பி.சி. அளவுக்குப் பலம் ஏறாது, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) பிரிக்கக் காத்திருக்க வேண்டும், கியூரிங்கும் குறைந்தது 10 நாள், சித்திரை வெயில் என்றால் 14 நாள். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் பி.பி.சி.யும் வீண்தான். இன்னொன்று, சிமெண்ட் ஆலையில் சேர்ப்பது சலித்த, காய்ந்த, நைஸான சாம்பல். எண்ணூர்ப் பக்கம் குட்டைகளில் கொட்டிக் கிடக்கும் சாம்பல் பருமனாகவும் சீரில்லாமலும் இருக்கும், அதை யாராவது மணலுக்குப் பதிலாகக் கொண்டுவந்து இறக்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கடற்காற்று நேரடியாகப் படும் தூண், பீம், சன்ஷேடுக்கு எம் 30 தரத்துக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்), தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45 என்பது விதி. ஒரு மூட்டைக்கு 22 லிட்டர் சொச்சம், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவார்கள், அதை அனுமதிக்காதீர்கள், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் அதற்கென்று இருக்கிறது. கான்கிரீட் போடும் அன்று காலையில் நீங்களே தளத்தில் ஏறி, கம்பிக்கு அடியில் அதைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இருக்கிறதா, இல்லை ஜல்லித் துண்டைச் செருகி வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். ஆள் மிதித்து நடந்ததும் அந்த ஜல்லி நகர்ந்து கம்பி சென்ட்ரிங் பலகையைத் தொட்டுவிடும். நான் பார்க்கப் போகும் வீடுகளில் பாதிக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

டி.எம்.டி. கம்பி போட்டால் துருப்பிடிக்காதுதானே?
— வாசகர், தண்டையார்பேட்டை

பிடிக்கும். டி.எம்.டி. என்பது பலத்துக்காகவும் வளையும் தன்மைக்காகவும் சூட்டோடு தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கும் முறை. தாமிரம், குரோமியம் மாதிரி கொஞ்சம் சேர்த்து ‘துரு எதிர்ப்பு’ என்று விற்கும் கம்பி துருவைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அந்தக் காசை முதலில் நல்ல கவருக்கும் கியூரிங்குக்கும் செலவழியுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்து வீடு. மெட்ராஸ் டெரஸ் மாடி ஒழுகுகிறது. மேலே 4 அங்குலம் கான்கிரீட் போட்டால் நிரந்தரமாக நின்றுவிடும் என்கிறார்கள். போடலாமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

தயவுசெய்து போடாதீர்கள். 10-க்கு 10 அறைக்கு மேல் 4 அங்குலக் கான்கிரீட் என்றால் இரண்டு டன்னுக்கு மேல் புதுப் பாரம், அதைத் தாங்கப் போவது வயதான தேக்கு உத்திரங்கள். அந்தத் தளம் உத்திரத்தின் மேல் சின்னத் தட்டைச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்துக் கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கியது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டால் மூடிவிட்டால் உள்ளே போன ஈரம் சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனையில் போய்த் தங்கும். வெளியே தெரியும் மரம் கல் மாதிரி இருக்கும்போதே அந்த முனை உளுத்துப்போயிருக்கும். முதலில் ஒவ்வொரு உத்திரத்தின் முனையையும் ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பெயர்ந்த தட்டோடுகளையும் சுண்ணாம்புச் சுருக்கியையும் (செங்கல் பொடி கலந்த சுண்ணாம்புக் கலவை) எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பிலேயே போடலாம். அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான், ஆனால் கிடைக்காமல் இல்லை.

நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சுவரில் நிறைய விரிசல். எது ஆபத்து, எது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், திருவொற்றியூர்

உங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். 2021 டிசம்பரில் அங்கே அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புத் தொகுதி இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. ‘எப்போதும் இருக்கிற விரிசல்தானே’ என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

பூச்சில் வலை மாதிரி விழும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், செங்கல்லையும் பிளந்துகொண்டு போவது, நேற்று வரை மூடிய கதவு இன்று இடிப்பது, இதெல்லாம் கட்டடம் நகர்கிறது என்பதற்கு அறிகுறி. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். கோடு தாண்டினாலும் கண்ணாடி உடைந்தாலும் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். இது சுவருக்கு மட்டும். தரைத் தளத்துத் தூணில் மூலையோரமாக மேலிருந்து கீழாக விரிசல் இருந்தாலோ, தூணிலிருந்து கான்கிரீட் பொரிந்து விழுந்தாலோ பென்சிலோடு காத்திருக்கக் கூடாது, எழுத்தில் புகார் கொடுத்து இன்ஜினியரை வரவழையுங்கள். பொடி உதிர்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது என்றால் பீரோவைப் பற்றி யோசிக்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். கட்டுமானப் பொருள் ஆராய்ச்சியில் புராஜெக்ட் செய்ய ஆசை. எல்லோரும் கான்கிரீட் கியூப் வார்த்து நசுக்கிப் பலம் பார்க்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்?
— மாணவர், வியாசர்பாடி

தம்பி, உங்களைச் சுற்றியே பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. கடலிலிருந்து தள்ளிப் போகப் போகக் காற்றில் உப்பு எவ்வளவு குறைகிறது என்று காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வரிசையாக அளந்து பாருங்கள். ஈரத் துணித் திரியைக் காற்றில் வைத்து, அதில் சேரும் குளோரைடை அளக்கும் முறை இருக்கிறது, பெரிய கருவி தேவையில்லை. அதே தெருக்களில் பழுதுபார்க்க உடைக்கும் வீடுகளில் அனுமதி கேட்டு, புதிதாக உடைந்த முகத்தில் காரத்தில் நிறம் மாறும் பினாப்தலின் கரைசலைத் தெளியுங்கள். நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காரத்தன்மை போன பகுதி நிறமில்லாமல் நிற்கும், அந்த ஆழத்தை அளந்து கட்டடத்தின் வயதோடு சேர்த்து எழுதுங்கள். கல்லூரியில் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் கருவி இருந்தால் இன்னும் நல்லது. தாமிரம்-தாமிர சல்ஃபேட் மின்வாயில் –350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே காட்டினால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

புதுப் பொருள்தான் வேண்டும் என்றால் எல்சி3 சிமெண்டைப் படியுங்கள். கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமெண்டின் மூலப்பொருள்) பாதி, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம் என்பது அதன் வழக்கமான கலவை. கிளிங்கருக்கு 1450 டிகிரி சூடு வேண்டும், இந்தக் களிமண்ணுக்கு 800 டிகிரி பக்கம் போதும், குளோரைடையும் நன்றாகத் தடுக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது, 2023-இல் ஐ.எஸ். 18189 என்று தர நிர்ணயமும் வந்துவிட்டது. தரமணியில் கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்.இ.ஆர்.சி. இருக்கிறது, கம்பி துரு பற்றி என்றால் காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரியின் கட்டுரைகளைத் தேடுங்கள். வீடுகளில் தூள் எடுக்கத் துளை போட்டால், வேலை முடிந்ததும் சுருங்காத கலவை வைத்து ஒவ்வொன்றையும் நன்றாக அடைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், முடிவு வந்ததும் அந்த வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.