இன்டஸ்ட்ரியல் டிசைன் படிப்பு எப்படி இருக்கும்? ஓவியம் வராதவர் சேரலாமா?

இன்டஸ்ட்ரியல் டிசைன் என்றால் தொழிற்சாலையில் செய்கிற அன்றாடப் பொருட்களை வடிவமைக்கிற படிப்பு. கேள்வி கேட்டவர் மெக்கானிக்கல் முடித்தவர், ஓவியம் சுத்தமாக வராது, வீட்டில் "இன்னும் ரெண்டு வருஷம் படிப்பா" என்று முணுமுணுக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். 2018ல் நான் எம்.டெஸ், அதாவது டிசைனில் ரெண்டு வருட மேற்படிப்பு, சேர்ந்தபோது என் கதையும் அச்சு அசல் இதேதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். படித்த இடத்தின் பெயர் வேண்டாம், வடக்கே ஒரு கல்லூரி, அவ்வளவு போதும்.

முதலில் ஓவியம். இங்கே கேட்பது ரவி வர்மா அல்ல. முதல் மாதம் முழுக்க ஏ3 தாளில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு, வட்டம், நீள்வட்டம், அதுவும் பால்பாயின்ட் பேனாவில். ரப்பரைத் தொடக்கூடாது. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி இழுக்கப் பழக வேண்டும். சின்ன வயதில் நாலுகோடு நோட்டில் எழுதிப் பழகினோமே, அதே வகை வேலைதான். ரெண்டாவது மாதம் ஒரு டம்ளரைப் பார்த்து வரைந்தால் டம்ளர் மாதிரியே இருந்தது, எனக்கே ஆச்சரியம். ஆக, ஓவியத்துக்காகப் பின்வாங்காதீர்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

யார் வடிவமைத்தார்கள் என்றே தெரியாத ஒரு வீட்டுப் பொருளை எடுத்து முப்பது தடவை வரையச் சொல்லி ஒரு வேலை கொடுத்தார்கள். நான் பிளாஸ்டிக் குடத்தை எடுத்தேன். அஞ்சாறு தடவைக்கு மேல் என்ன வரைவது என்று தெரியவில்லை, ஒரே சலிப்பு. பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ வரையும்போதுதான் குடத்தின் உடம்பில் மேலிருந்து கீழ் வரை மெல்லிய கோடு ஒன்று ஓடுவது கண்ணில் பட்டது. கவிழ்த்துப் பார்த்தால் அடியிலும் ஒரு தழும்பு. உருகிய பிளாஸ்டிக்கைக் குழாய் போல இறக்கி, ரெண்டு பாதி அச்சு வந்து அதைக் கவ்வி, உள்ளே காற்றை ஊதி பலூன் மாதிரி உப்ப வைக்கிறார்கள். அச்சின் ரெண்டு பாதியும் சேர்ந்த இடம் அந்தக் கோடு, குழாயைக் கிள்ளி மூடிய இடம் அந்தத் தழும்பு. ப்ளோ மோல்டிங் என்கிற இந்த முறை பற்றி பி.இ.யில் பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனால் இருபது வருடமாகத் தண்ணீர் குடித்த குடத்தில் அதைப் பார்த்ததில்லை. உங்கள் வீட்டு பக்கெட்டையும் கவிழ்த்துப் பாருங்கள், அடி நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. பக்கெட் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதும் அழகுக்காக மட்டும் இல்லை, சுவர் லேசாகச் சாய்ந்திருந்தால்தான் அச்சிலிருந்து உருவி எடுக்க முடியும்.

குடம் என்றதும் ஞாபகம் வருகிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசு கூப்பிட்டு இங்கே வந்து, நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961ல் அகமதாபாத்தில் என்ஐடி, அதாவது நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன் (NID), தொடங்கியதற்கு அதுதான் அடித்தளம். அந்த அறிக்கையில் அவர்கள் மாய்ந்து மாய்ந்து புகழ்வது எதைத் தெரியுமா? லோட்டாவை, அதாவது நம் செம்பை. எவ்வளவு பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது கனம் எந்தப் பக்கம் சாயும், என்ன விலைக்கு விற்கும் என்று ஒரு செம்புக்கு அடுக்கடுக்காக யோசித்திருக்கிறார்கள். முதல் செமஸ்டரில் எல்லாரையும் இதைப் படிக்க வைப்பார்கள். நானும் படித்தேன், தலையாட்டினேன், மறந்தேன். மறந்ததன் விலையைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் தெர்மாகோல் கதை. முதல் ஜூரிக்கு, அதாவது ஆசிரியர்களும் வெளியாட்களும் உட்கார்ந்து நம் வேலையைக் கிழிக்கும் நாளுக்கு, ஒரு எமர்ஜென்சி விளக்கின் மாடல் செய்ய வேண்டும். மற்றவர்கள் பியு (பாலியூரித்தேன்) ஃபோம் வாங்கினார்கள், நான் சிக்கனம் பார்த்துத் தெர்மாகோல் வாங்கினேன். ரெண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ராத்திரி ஒரு மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். சர்ர்ரென்று ஒரு சத்தம். விளக்கு என் கண் முன்னாலேயே குழி குழியாக உள்வாங்கிக்கொண்டது, அம்மை போட்ட முகம் மாதிரி. பெயிண்டில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், பியு ஃபோமை ஒன்றும் செய்யாது. முதலில் ஃபெவிகாலைப் பூசிக் காயவிட்டு அதன் மேல் அடித்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று காலையில் ஒரு சீனியர் சொன்னார். காலையில்!

இனி பெரிய தப்பு. 2019 கோடை, சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, கலர் கலரான குடங்களின் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த வருடம். கோடை ப்ராஜெக்ட்டுக்கு "தண்ணீர் சுமப்பது" என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு வியாசர்பாடியில் சித்தி வீட்டில் போய் இறங்கினேன். ஒரே நாள் தெருவில் நின்று பார்த்தேன். குடம் சுமாராக 15 லிட்டர், மூன்று குடம் 45 கிலோ, இதைப் பெண்கள் இடுப்பில் சுமக்கிறார்கள், ஆகவே மூன்று குடம் வைக்கிற தள்ளுவண்டி. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. மீதி நாளெல்லாம் லேப்டாப்பில் வண்டியின் சக்கர அச்சு வளையுமா வளையாதா என்று கணக்குப் போட்டு, பளபளவென்று ரெண்டர், அதாவது நிஜப் பொருள் போலத் தெரியும் கம்ப்யூட்டர் படம், எடுத்து, வெல்டிங் பட்டறையில் முக்கால் இஞ்ச் ஸ்கொயர் டியூபில் வண்டியும் செய்து முடித்தேன்.

வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோனதும் ஓர் அக்கா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ராத்திரி இத எங்க நிறுத்துறது?" ஒற்றை அறை வீடு, வாசலில் ரெண்டு படி, படிக்கு முன்னால் சாக்கடை மேல் போட்ட சிலாப். நான் யோசிக்கவே இல்லை. அதைவிட மோசம், வரிசை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடிவதற்கு முன்பே காலிக் குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நாடா, இன்னொன்றில் நெயில் பாலிஷால் எழுதிய ஓர் எழுத்து, எது யாருடையது என்று தெருவுக்கே தெரியும். ஆள் இல்லாவிட்டாலும் அவருக்காகக் குடம் நிற்கிறது. அந்த வரிசையில் என் வண்டியை விட்டால் அதற்கு ஒரு இடமா மூன்று இடமா? பத்து நிமிடத்தில் சண்டை. வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சுமந்து நடப்பதைவிட, நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்குத் தூக்குவதுதான் உயிரை வாங்குகிறது. குனிந்து, முதலில் தொடையில் ஏற்றி, ஒரு மூச்சு விட்டு, பிறகு இடுப்புக்கு. வயதான ஒரு பாட்டி மட்டும் உடைந்த பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் குடத்தை வைத்து, லாரியிலிருந்து வரும் ட்யூபில் தண்ணீர் பிடித்தார், குனியவே இல்லை. நான் ரெண்டு மாதம் தேடிய விடை அங்கே ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. கடைசியில் முழங்கால் உயரத்துக்கு, மேலே வளையம் வைத்த ஓர் இரும்பு ஸ்டாண்ட் செய்து கொடுத்தேன். அந்த உயரத்தைப் பிடிக்கவே நாலு ஸ்டாண்ட் ஆனது.

ஜூரியில் "இதில் டிசைன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். மார்க்கும் சுமார்தான். கைவிட்ட தள்ளுவண்டியின் ரெண்டரைப் பார்த்து, இதையே முடித்திருக்கலாமே என்றார் ஒருவர். அன்றைக்குச் செம கடுப்பு. இப்போது யோசித்தால் அவர்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், முன்பும் பின்பும் என்ன வித்தியாசம் என்று நான் அளந்து காட்டவில்லை. மீதிப் பாதிக்கு இன்னும் கடுப்புதான். அழகான படத்துக்கு மயங்குகிற பழக்கம் இந்தத் துறையில் நிறையவே இருக்கிறது, தெரிந்துகொண்டு வாருங்கள்.

மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நமக்குக் கேள்வியைக் கொடுத்தால் விடை எழுதத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேள்வியே சரியா என்று பார்க்கிற பழக்கம் வர எனக்கு ஒரு வருடம் ஆனது. பதிலுக்கு ஒரு லாபமும் உண்டு: பட்டறையில் போய்ப் பேசத் தெரியும், எந்தப் பாகத்தை எப்படிச் செய்ய முடியும் என்று தெரியும். ஃபைன் ஆர்ட்ஸிலிருந்து வந்த நண்பர்கள் அதற்குத் திணறினார்கள்.

செலவு: ஃபீஸை மட்டும் கணக்குப் போடாதீர்கள், ஃபோம், பட்டி, பிரைமர், வெல்டிங் கூலி என்று மாடல் செலவு தனியாக வரும். வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் என்னுடன் படித்தவர்களில் கணிசமான பேர் இப்போது மொபைல் ஆப்களுக்குத் திரை வடிவமைக்கிறார்கள், சம்பளம் அங்கேதான் அதிகம். கையால் தொடுகிற பொருளைத்தான் செய்வேன் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சேர்வதற்கு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு, ஐஐடி பம்பாய் நடத்துவது. வழக்கமாக ஜனவரியில் நடக்கும், அக்டோபர் வாக்கில் பதிவு தொடங்கும். ரெண்டு பகுதி, ஒரு பகுதியில் தாளில் வரைய வேண்டும். ஐஐடிகள் மட்டுமில்லை, பெங்களூர் ஐஐஎஸ்சி, நம் பக்கத்தில் காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் என்று வேறு இடங்களும் உண்டு, என்ஐடிக்குத் தனித் தேர்வு. இன்றைக்கே ஒரு கட்டு ஏ3 தாள் வாங்கி வீட்டுக் குடத்தை முப்பது தடவை வரையுங்கள். கடைசி அஞ்சு பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கமெண்டில் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். தெர்மாகோலில் மாடல் செய்வதாக இருந்தால் மட்டும், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.