ஜாவா பூஜ்ஜியத்தைக் கையெழுத்தாக ஏற்றுக்கொண்டதா?

ஆமாம், ஜாவா என்ற நிரலாக்க மொழியின் 15 முதல் 18 வரையிலான பதிப்புகளில் உண்மையிலேயே அப்படி நடந்தது. சிவிஇ-2022-21449 (பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) என்று தேடிப் பாருங்கள்.

இசிடிஎஸ்ஏ என்ற முறையில் போடும் டிஜிட்டல் கையெழுத்து (ஒரு செய்தியை அனுப்பியது யார் என்று கணினி சரிபார்க்க உதவுவது) என்பது ஆர், எஸ் என்ற இரண்டு எண்கள்தான். இரண்டுமே பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது, சரிபார்க்கும்போது முதல் வேலையே இதைப் பார்ப்பதுதான். ஜாவா இதைப் பார்க்கத் தவறியது. விளைவு என்ன? சரிபார்க்கும் சமன்பாட்டின் ஒரு பக்கம் ஆர் நிற்கிறது, மறுபக்கம் எல்லாமே எஸ்ஸின் தலைகீழால் (1/எஸ் போன்றது) பெருக்கப்படுகிறது, ஜாவா அதைக் கணக்கிட்ட முறையில் பூஜ்ஜியத்தின் தலைகீழும் பூஜ்ஜியமாகவே வந்தது, கடைசியில் பூஜ்ஜியமும் பூஜ்ஜியமும் சமம், கையெழுத்து செல்லும்! செய்தி எதுவானாலும், சாவி யாருடையதானாலும் இதே கதைதான். இஎஸ்256 என்ற வகை இசிடிஎஸ்ஏ கையெழுத்துள்ள லாகின் டோக்கனை எடுத்துக்கொண்டால், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’-வை (டோக்கன் எழுதப்படும் முறையில் அதற்குப் பூஜ்ஜியம் என்று பொருள்) 86 தடவை போட்டாலே போதும்.

இந்த வேலையைச் செய்த ஜாவாவின் பழைய சி++ குறியீட்டில் பூஜ்ஜியமா என்று பார்க்கும் இந்தச் சோதனை இருந்தது. ஜாவா 15-க்காக ஜாவாவிலேயே மாற்றி எழுதியபோது விட்டுப்போய்விட்டது. இவ்வளவு அடிப்படையான விஷயத்துக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, இப்போது என்ன செய்வது? 2022 ஏப்ரலில் திருத்தம் வந்துவிட்டது. சர்வரில் ஜாவா 17-ல் 17.0.3-க்கு முந்தையதோ, 18-ல் 18.0.1-க்கு முந்தையதோ ஓடினால் இன்றே மாற்றுங்கள். 15, 16-ல் இருந்தால் புதிய பதிப்புக்கே போய்விடுங்கள்.