ரொட்டியும் என் கணக்கும்

அன்புள்ள ஐயா,

எகிப்தில் ரேஷன் ரொட்டி விலை ஒரே நாளில் நாலு மடங்கானது என்று படித்தேன். கலவரம் ஏதும் வரவில்லையா? அங்கே இருந்துகொண்டு டாலரில் சம்பளம் வாங்கும் உங்களுக்கு எகிப்து பவுண்டு சரிந்தது லாபம்தானே? தவறாக நினைக்க வேண்டாம்.

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது, லாபம்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரேஷன் ரொட்டி 5 பியாஸ்டரிலிருந்து 20 ஆனது 2024 ஜூன் 1 அன்று. நூறு பியாஸ்டர் ஒரு பவுண்டு. 20 பியாஸ்டர் அன்றைய கணக்கில் நம் காசுக்கு ஏறக்குறைய 35 பைசா. இதற்கா கலவரம் என்று தோன்றும். ஆனால் 1977 ஜனவரியில் அன்றைய அதிபர் சதாத் உணவு மானியத்தை வெட்டியபோது இரண்டே நாளில் ஊர்கள் பற்றி எரிந்தன. உத்தரவைத் திரும்பப் பெற்றார். அந்தப் பயத்தில் பின்னால் வந்தவர்கள் 30 வருஷத்துக்கு மேல் விலையில் கைவைக்கவில்லை. ரொட்டியில் கைவைத்தார்கள். 2020இல் 110 கிராம் ரொட்டி 90 கிராமானது. ஹோட்டல் இட்லி பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? மற்ற அரபு ஊர்களில் பெரும்பாலும் 'குப்ஸ்' என்பதை இவர்கள் 'ஐஷ்' என்கிறார்கள். வாழ்வு என்று பொருள்.

இந்த முறை புலம்பலோடு சரி. 2013இல் வந்த போராட்டச் சட்டத்துக்குப் பிறகு தெருவில் கூடுவது லேசான காரியம் இல்லை.

இனி என் லாபம். 2024 மார்ச் 6 அன்று பவுண்டைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். காலையில் டாலருக்கு 31 பவுண்டு, சாயங்காலம் 50ஐ ஒட்டி. எங்கள் கட்டடத்துக்கு ஒரு பவ்வாப் உண்டு: வாசல் காப்பது, படி கழுவுவது, யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று நினைவில் வைப்பது எல்லாம் அவர்தான். மேல் எகிப்திலிருந்து, அதாவது நாட்டின் தெற்கிலிருந்து வந்தவர், நாலு பிள்ளைகள். மாதம் 1000 பவுண்டு கொடுத்துவந்தேன். விலைவாசியைப் பார்த்து 1600 ஆக்கினேன். வழக்கப்படி இரண்டு முறை "இருக்கட்டும்" என்றார், மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு என் பிள்ளைகளை வாழ்த்தினார். எனக்கோ கர்ணன் நினைப்பு.

ராத்திரி மனைவி செல்போனில் கணக்குப் போட்டாள். பழைய 1000 பவுண்டு 32 டாலர். புதிய 1600 பவுண்டும் 32 டாலர்தான். "கையைவிட்டு ஒரு சென்ட்கூட அதிகம் போகவில்லை" என்றாள்.

மறுநாள் காலை அவர் மறுபடி வாழ்த்தினார். செருப்பைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினேன்.