பனியன் துணி முறுக்கிக்கொண்டால் தப்பு யாருடையது?

கேள்வி: வீட்டிலேயே மூன்று மெஷின் போட்டுக் குழந்தைகளுக்கு டி-சர்ட் தைத்து விற்கிறேன். திருப்பூரில் ஒரு புரோக்கர் மூலம் 40 கிலோ காட்டன் பனியன் துணி வாங்கினேன். ஒரு சலவையிலேயே பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடுகிறது, நீளமும் குறைகிறது. தையல்தான் கோளாறு என்கிறார் புரோக்கர். நெய்த துணிக்கு மாறிவிடலாமா? பேக்கிங்குக்கு ‘துணிப்பை’யும் அவரே தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? - ஒரு வாசகி, விழுப்புரம்.

பதில்: மீதித் துணியில் இப்போதைக்குக் கத்தரி வைக்காதீர்கள். ரோலில் ஒட்டியிருக்கும் லாட் நம்பர் ஸ்டிக்கரையும் கிழிக்காதீர்கள். நாளைக்கு ‘இது நான் கொடுத்த துணியே இல்லை’ என்று அவர் சொன்னால் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தப்பு யாருடையது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தைக்காத துணியில் அரை மீட்டர் துண்டு எடுத்து, அழியாத மார்க்கரால் 40 செ.மீ. சதுரம் போடுங்கள். துணியின் நல்ல பக்கத்தை உற்றுப் பார்த்தால் சடை பின்னியதுபோல் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடுவது தெரியும். சதுரத்தின் ஒரு பக்கம் அந்தக் கோட்டோடு சரியாகப் போகவேண்டும். மூன்று முறை துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் தரையில் விரித்துக் காயவையுங்கள். சதுரம் சாய்சதுரமாகிவிட்டால் தப்பு துணியில். சதுரமாகவே இருந்தால் தப்பு வெட்டியதில். மேல் விளிம்பு 2 செ.மீ.க்கு மேல் ஒருபுறம் தள்ளிப்போனாலோ, 40 என்பது 38-க்குக் கீழே சுருங்கினாலோ 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஏற்றுமதி ஆர்டரில் இப்படிப்பட்ட துணியைப் பொதுவாக வாங்கமாட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பனியன் துணியில் அந்தப் பிடி கிடையாது. ஒரே நூல் வளையம் வளையமாக வளைந்து, மேல் வரிசை கீழ் வரிசையில் கோத்துக்கொண்டு தொங்குகிறது. இழுத்தால் நீள்வது அதனால்தான். நூலை நூற்கும்போது ஏற்றிய முறுக்கு, ஈரம் பட்டதும் பிரியப் பார்க்கும். பிடியில்லாத வளையம் அதோடு சேர்ந்து சாயும். நல்ல பக்கமும் பின்பக்கமும் வேறு மாதிரி இருக்கும் சாதாரண பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியில் இது அதிகம். இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் இன்டர்லாக் துணியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் விலை கூடுதல்.

இதில்தான் ஒரு தில்லுமுல்லு. பனியனுக்கென்று முறுக்குக் குறைவாக நூற்கும் ஹோசியரி நூல் தனி. தறிக்குப் போகும் பாவு நூலில் முறுக்கு அதிகம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாவு நூலை நிட்டிங்கில் ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் துணியை ஸ்டென்டர் என்ற சூட்டு மெஷினில் இழுத்து நேராக்கி ரோலாகச் சுற்றிவிட்டால், முதல் சலவை வரை யாருக்கும் தெரியாது.

தையல்காரர் மேலும் தப்பு இருக்கக்கூடிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. குழாய் மாதிரி வரும் துணியை இரண்டாக மடித்தபடியே மேசையில் போட்டு வெட்டுவார்கள். அந்த மடிப்புக்கோட்டையே நேர்கோடு என்று நம்பிவிடுவார்கள். மடிப்பு எப்போதும் சடைக்கோட்டின் மேல் விழுவதில்லை. ரோலில் முறுகிச் சுற்றியிருந்தால் மேலே ஓரிடத்திலும் கீழே விரற்கடை தள்ளியும் விழும். அப்படி வெட்டினால் நல்ல துணியும் திரும்பும். அதேபோல, பிரித்த துணியை ஒரு நாளாவது தளர விடாமல் உடனே அடுக்கி வெட்டினால், அளவு வெட்டும்போதே குறைய ஆரம்பித்துவிடும். ஆகவே சதுரச் சோதனை முடியும்வரை புரோக்கரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

நெய்த துணிக்கு மாறவேண்டாம். அது நீளாது, குறுக்குச் சாய்வில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் நெகிழும். குழந்தையின் தலை நுழைய கழுத்தைத் திறந்து பட்டன் வைக்கவேண்டும், பேட்டர்ன் மொத்தமும் மாறவேண்டும். அது வேறு தொழில்.

நீங்கள் கவனிக்காத இன்னொரு விஷயம், கிலோ. துணியை எடையில் வாங்குகிறீர்கள், சட்டையை எண்ணிக்கையில் விற்கிறீர்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ஒன்றரை மீட்டர் அகலத் துணி 160 ஜிஎஸ்எம் என்றால் கிலோவுக்கு 4.17 மீட்டர் வரும். 200 ஜிஎஸ்எம் என்றால் 3.33 மீட்டர்தான். 160 என்று பேசி 200 அனுப்பினால் 40 கிலோவில் 33 மீட்டர் போச்சு. போதாததற்குப் பருத்தி ஈரம் குடிக்கும். சாதாரணமாகவே அதில் 8.5 சதவீத ஈரத்தைக் கணக்கில் எடுப்பது வழக்கம். ஈரக் குடோனில் கிடந்த ரோலை எடைபோட்டால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள். பத்துக்குப் பத்து செ.மீ. துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 1.6 கிராம் காட்டினால் 160 ஜிஎஸ்எம்.

பத்து ரூபாய் பிஸ்கட்டின் மேல் எடையும் தேதியும் அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் பில்லில் ‘ஹோசியரி கிளாத் 40 கிலோ’ என்று ஒரு வரிதான் இருந்திருக்கும். சிறு தையலகங்களின் புகாரை யார் கேட்கிறார்கள்? கோவையில் 1956 முதல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் சோதித்து அறிக்கை தருவார்கள். ஆனால் அந்த அறிக்கைக்குப் புரோக்கர் கட்டுப்படவேண்டுமானால், வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கியிருக்கவேண்டும்: ஜிஎஸ்எம், அகலம், நூல் நம்பர் (நூலின் பருமனைச் சொல்லும் எண்), சுருக்கமும் சாய்வும் 5 சதவீதத்துக்குள். எழுதித் தரமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

பை விஷயம். அவர் சொல்வது பெரும்பாலும் நான்-ஓவன். அதில் நெசவும் இல்லை, பின்னலும் இல்லை. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கிப் பரப்பி, சூடான உருளையில் அழுத்தி ஒட்டியது. அதன் மேல் வரிசையாகத் தெரியும் சின்னப் புள்ளிகள் அந்த ஒட்டுகள்தான். ஓரத்தில் நூல் உருவிப் பாருங்கள். நெய்ததில் நேரான நூல் வரும், பனியனில் வளைந்து வளைந்து அவிழும், இதில் பஞ்சுபோலப் பிய்யும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-இல் அமலான தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது இது. அபராதம் என்று வந்தால் அது உங்கள் தலையிலும் விழும். காடா துணிப்பை வாங்குங்கள்.

மீதித் துணியைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றால், வெட்டுவதற்கு முன் முழுவதையும் தண்ணீரில் நனைத்து, பிழியாமல், விரித்துக் காயவையுங்கள். சுருங்குவதும் சாய்வதும் ஓரளவுக்கு அதிலேயே முடிந்துவிடும். பிறகு ஓரத்தை நம்பாமல் சடைக்கோட்டைப் பார்த்து வெட்டுங்கள். ஒற்றை நிறத்துக்கு இது சரிவரும். கோடுபோட்ட துணி என்றால் கோடு சாய்ந்தே நிற்கும், அதை உள்பாவாடைக்கோ ஜட்டிக்கோ தள்ளிவிடுங்கள்.